வாய் பட்ட சாமான்

வண்டியை நிறுத்திச் சாவியை உருவிய பிறகும் பின்கதவில் இருந்த இடதுபக்க ஸ்பீக்கர் ஓயவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்துவிட்ட பொன்னுரங்கம் மறு காலை இறக்காமல் அப்படியே காது கொடுத்தான். பாட்டு செட்டில் விளக்கு அணைந்திருந்தது, வலதுபக்க ஸ்பீக்கரில் அசைவில்லை, முன்னால் இருந்த இரண்டும் மூச்சு விடவில்லை. பின்னால் இடதுபக்கம் மட்டும் ஏதோ சடசடவென்று பொரிந்து, அப்புறம் ஸ்ஸ்ஸென்று ஒரு இழுப்பு இழுத்து, அடங்கிப் போயிற்று. மழையில் ஊறிய சீட்டின் வாடையும் பெட்ரோல் வாடையும்தான் வண்டிக்குள் இருந்தன. ஈரம் புகுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில் அவனுக்குக் கடை. கார், வேன், ஜீப் எதுவானாலும் பாட்டு செட் மாட்டுவான், கெட்டுப் போனதைப் பழுது பார்ப்பான். ஊரில் பாதி வண்டிகள் அவன் புண்ணியத்தில்தான் பாடிக்கொண்டு போகின்றன; அவனுடைய சொந்த வேனில் மட்டும் மற்றவர்கள் கழற்றிப் போட்டதில் மிஞ்சியவை, ஒன்றுக்கொன்று சேராத நாலு ஸ்பீக்கர். இரைச்சலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற கீச்சு என்றால் எர்த் வயர் சரியில்லை. பள்ளத்தில் மட்டும் கரகரத்தால் எங்கோ இணைப்பு லூசு. பாட்டோடு சேர்ந்து படபடத்தால் ஸ்பீக்கரின் நடுவே அதிர்கிற கூம்புப் பேப்பர் கிழிந்திருக்கிறது. வண்டி அணைந்து கிடக்கும்போது வருகிற இரைச்சல் என்று ஒன்று அவன் அனுபவத்தில் கிடையாது.

மறுநாள் உச்சிவேளையில் அது மறுபடி வந்தது. வேன் கடை வாசலில் தகரப் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தது, சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனான். மற்றவர்கள் வண்டிக்குச் செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தான். செட்டைப் போட்டு, சத்தத்தை வலதுபக்கம் திருப்பிப் பார்த்தான். அது இடதுபக்கத்தை விட்டு நகரவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கினான். செட்டையே டேஷ்போர்டிலிருந்து உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். கடைசியில் கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் கட்டிங் பிளையரால் வெட்டினான். வெட்டிய முனைகள் காற்றில் தொங்கின. ஸ்பீக்கரின் பேப்பர் அவன் கண்ணெதிரே மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. சடசட, சடசட, ஸ்ஸ்ஸ்.

அப்போதுதான் அது இரைச்சல் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. ஸ்ஸென்று இழுத்தது கறிவேப்பிலை விழுந்த சத்தம். அதற்குப் பிறகு கரண்டியைச் சட்டியின் விளிம்பில் டக், டக்கென்று இரண்டு தட்டு. அவன் வீட்டில் அப்படித் தட்டுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை மண்ணுக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது.

நர்மதா வெள்ளிமலைக்காரி. மலை ஜீப் ஒன்றுக்கு செட் மாட்டப் போன இடத்தில் அவளைப் பார்த்தான். இரண்டு குடும்பமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பொருட்படுத்தாமல் கட்டிக்கொண்டு வந்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டின் கோடியில் சமையற்கட்டு. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் தொண்டை வறண்டு போவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் ஒரு வேலை செய்தான். பழைய ஸ்பீக்கர் ஒன்றைச் சமையற்கட்டில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தான், இன்னொன்றைக் கடையில் தன் மேஜைக்கு மேலே மாட்டினான். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர், அவ்வளவுதான். ஸ்பீக்கர் பேச மட்டுமில்லை, கேட்கவும் கேட்கும், கரன்ட் கூட வேண்டாம், நீ இதில் வாயை வைத்துச் சொன்னால் அங்கே எனக்கு வரும் என்றான். அவள் நம்பாமல் சிரித்தாள். அப்புறம் எட்டு வருஷம் அதில் வாயை ஒட்ட வைத்துத்தான் கூப்பிட்டாள். இன்னாங்க, சோறு ஆறுது. இன்னாங்க, கேஸ்காரரு வந்துக்கினு இருக்காரு. அவள் தாளிக்கிற சத்தம் மேஜைக்கு மேலே மெல்லக் கேட்கும்போதே அவனுக்கு வயிறு பசிக்கத் தொடங்கிவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு உச்சிவேளை. கல்யாண வண்டி ஒன்றுக்குப் பெரிய பாஸ் ஸ்பீக்கரை மாட்டி, ஷட்டர் அதிர அதிரச் சோதித்துக்கொண்டிருந்தான். பசித்து உள்ளே போனபோது சமையற்கட்டு முழுக்கப் புகை. குழம்பு தாளித்து இறக்கி வைத்திருந்தது. பொரியல் சட்டியில் கடுகு கரிந்து கரியாகிக் கிடந்தது. அவள் சுவரோரமாகச் சரிந்திருந்தாள், ஒரு கை மட்டும் மேலே ஸ்பீக்கரை எட்டுகிற மாதிரி சுவரில் ஒட்டியபடி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் அதை நம்பினான். ஆனால் கூப்பிட்டாளா? கூப்பிட்டு, அந்த பாஸின் தும் தும்மில் தனக்குக் கேட்காமல் போயிற்றா? இல்லை, கூப்பிடவே அவளுக்கு நேரமில்லாமல் போயிற்றா? அதற்கு எந்த டாக்டரிடமும் பதில் இல்லை. அதை நினைக்காமல் அவன் ஒரு வாய் சோறு விழுங்கியதில்லை.

அவளை மலையில்தான் புதைத்தார்கள், அவள் அப்பன் பாட்டன் கிடக்கிற சாமைக்காட்டு ஓரத்தில். பதினாறாம் நாள் அவள் தம்பி செல்லன் கீழே இறங்கி வந்தான். செத்தவர்களின் வாய் பட்ட சாமான் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது, அவர்களோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவள் குடித்த சொம்பு, சாப்பிட்ட தட்டு, பல் துலக்கிய பிரஷ், உதட்டில் கவ்விக்கொண்டு கொண்டை போடுகிற ஹேர்பின் வரைக்கும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டான்.

"வேற இன்னாச்சும் இருக்குதா மாமா? நல்லா ரோசன பண்ணி சொல்லுங்க" என்றான்.

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றான். பொய் சொல்லவில்லை. ஸ்பீக்கர் அவன் நினைவுக்கே வரவில்லை. அவன் தொழிலில் ஸ்பீக்கருக்குக் காதைத்தான் வைப்பார்கள், வாயை வைப்பதில்லை.

பிறகு அந்தச் சமையற்கட்டுச் சுவரில் அது வாயைத் திறந்துகொண்டு ஊமையாய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் போன மாதம் கழற்றினான். தூக்கி எறிய மனசு வரவில்லை. வேனில் இடதுபக்க ஸ்பீக்கரை எலி கடித்துவிட்டிருந்தது. அந்த ஓட்டையில் இதை வைத்து முடுக்கினான். நல்ல காந்தம், வீணாகப் போவானேன் என்ற நினைப்பு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டது அவன் கண் இல்லை, காது. அந்தக் காது இதுவரை அவனை ஏமாற்றியதில்லை. அன்றைக்கே அதைக் கழற்றி மலைக்குக் கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. காரணம், அடுத்த நாள் அது கொஞ்சம் நீண்டிருந்தது. இரண்டு தட்டுக்குப் பிறகு குழம்புச் சட்டியை இறக்கி வைக்கிற ஓசை. அதற்கடுத்த நாள் குழாயில் கை கழுவுகிற சத்தம், ஈரக் கையை முந்தானையில் துடைக்கும்போது வளையல் உரசுகிற சத்தம். தினமும் உச்சிவேளைக்கு அவன் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வெயிலில் காய்ந்த வண்டிக்குள் வியர்வை வழிய, கண்ணை மூடிக்கொண்டு, அவள் வெங்காயம் நறுக்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அழுகையாக வரும். அழுவான். ஒரு நாள் அந்தச் சத்தங்களுக்கெல்லாம் பின்னால், தூரத்தில், தும் தும் என்று ஒன்று கேட்கத் தொடங்கியது. அது எது என்று அவனுக்குப் புரிந்தது. அந்தக் கல்யாண வண்டியின் பாஸ். அவனே போட்டது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருப்பது எந்த நாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நாளில் அந்த இரண்டாவது தாளிப்பு, பொரியல் தாளிப்பு, வரும். கூப்பிட்டாளா இல்லையா என்று தெரிந்துவிடும். அது தெரிகிற வரைக்கும் அவனால் அதைக் கழற்ற முடியாது.

அவர்களுக்கு ஒரே பெண், அபிநயா, ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா இல்லாத வீட்டுக்குள் இருக்கப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று அவனும் விட்டுவிட்டான். ஒரு சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு போனபோது, கதவிலிருந்த ஸ்பீக்கர் மூடியில் வாயை ஒட்ட வைத்து அவள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"அம்மா சமைச்சிக்கினு இருக்குதுப்பா. நான் பேசுனா கேக்குது. ஆனா திரும்பிப் பேச மாட்டேங்குது."

ஸ்பீக்கர் கேட்கவும் கேட்கும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். இனிமேல் அதில் வாய் வைக்கக் கூடாது என்று அதட்டினான். அதட்டும்போதே தன் குரலில் பொறாமை இருந்தது அவனுக்கே கேட்டது. இவளுக்கு மட்டும் உச்சிவேளை இல்லாத நேரத்திலும் கேட்கிறதே என்ற பொறாமை.

பிள்ளை பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அழுதால்கூட, வால்யூமைக் குறைத்து வைத்த மாதிரி அடங்கின அழுகை. வகுப்பில் அவள் சொல்வது முன்வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை என்று டீச்சர் போன் செய்தார். துக்கம் தொண்டையைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தான். கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தான், தேன் கொடுத்தான். தினம் சாயங்காலம் அவள் உதட்டில் ஸ்பீக்கர் மூடியின் சின்னச் சின்ன ஓட்டைகள் அச்சுப் பதிந்திருந்ததை அவன் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் வளையல் சத்தத்துக்கும் தும் தும்முக்கும் நடுவே, மெல்லிசாக, ஒரு குரல் கேட்டது.

ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்திநாலு.

அபிநயாவின் குரல். அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். கதவை மூடக்கூட நிற்காமல் செருப்பில்லாத காலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்க நின்று பார்த்தான். வகுப்பு முழுக்க எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அபிநயாவும் மூன்றாவது வரிசையில் நின்று, தலையை ஆட்டி ஆட்டி, வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பினாள். "இன்னாப்பா?" என்றாள், காற்று கதவிடுக்கில் போகிற அளவுக்கு. அந்த அளவுக்காவது இன்னும் மிச்சமிருக்கிறதே என்று அவளை வாரி அணைத்துக்கொண்டு அங்கேயே அழுதான். பெண்டாட்டியின் குரலை ஒரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசையில் பிள்ளையை அடகு வைத்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அன்றே செல்லனுக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னான்.

"எட்டு வருசம் வாய் பட்ட பொருளு மாமா அது" என்றான் செல்லன். "நாளைக்கே இட்டாந்துருங்க, அக்கா பக்கத்துலயே வச்சிரலாம். மஞ்சத்துணியில அதும் வாயக் கட்டி, அரிசி டின்னுல போட்டு மூடுங்க. பாப்பாவையும் இட்டுக்கினு வாங்க, கோயில்ல கயிறு கட்டிக்கலாம். வழியில இன்னா கேட்டாலும் தொறக்காதீங்க. செத்தவங்க கூப்ட்டா ஏன்னு கேக்கக் கூடாது."

சனிக்கிழமை காலையில் ஸ்பீக்கரைக் கதவிலிருந்து கழற்றினான். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. சொன்னபடியே கட்டி, டின்னில் வைத்து, அரிசியைக் கொட்டி மூடி, வேனின் பின்னால் வைத்தான். அபிநயாவை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். கச்சிராயபாளையம் வரைக்கும் நல்ல வெயில். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மேகம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஈர இலை வாடை, சூடான பிரேக்கின் வாடை, எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற தண்ணீரின் சலசலப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, எதிரே வண்டி வருகிறதா என்று காது கொடுத்து, மெல்ல வளைத்து ஏற்றினான். செட் இருந்த இடம் டேஷ்போர்டில் ஒரு கறுப்பு ஓட்டையாக இருந்தது. திருப்பங்களில் தலை சுற்றிக் களைத்துப் போன பிள்ளை ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டது.

மேலே ஏற ஏற உச்சிவேளையும் வந்தது.

முதலில் அரிசி அசைகிற சத்தம். டின்னுக்குள் அரிசி தானாகச் சரிந்தது. அப்புறம் குழம்புத் தாளிப்பு, இரண்டு தட்டு, குழாய், வளையல், வெங்காயம், எல்லாம் அவசரம் அவசரமாக, வீட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கிறவள் செய்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்னால் அந்தத் தும் தும். அப்புறம் ஒரு சட்டியை அடுப்பில் வைக்கிற ஓசை. எண்ணெய் ஊற்றுகிற ஓசை. இன்றைக்குத்தான் அது. இதை மண்ணில் வைத்துவிட்டால் சாகிற வரைக்கும் தெரியப் போவதில்லை. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மூடிவிடலாம். பிள்ளையோ தூங்குகிறது.

ஆசை யாரை விட்டது. திருப்பத்தைத் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினான். கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கி, பின்னால் போய், டின்னின் மூடியைக் கழற்றி, அரிசிக்குள் கைவிட்டு அதை எடுத்தான். முடிச்சை அவிழ்த்தான். கரிந்த கடுகின் நாற்றம் முகத்தில் அடித்தது. பேப்பரில் காதை வைத்தான்.

கடுகு வெடித்தது. வெடித்துக்கொண்டே இருந்தது.

கறிவேப்பிலை விழவில்லை.

கரண்டி கீழே விழுந்தது. சுவரில் வளையல் உரசியது. மெல்ல, மேலிருந்து கீழே.

தும், தும், தும்.

மூச்சு. கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில். ஒரு வாய் பேப்பரில் வந்து ஒட்டியது. உதட்டின் ஈரம்கூட அவனுக்குக் கேட்டது.

கூப்பிடு நர்மதா, கூப்பிடு என்று அவன் முனகினான்.

"அபி."

அவனை இல்லை.

"அபிம்மா. இங்க வா."

அன்றைக்கு அபிநயா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்காது.

"தோ வரேன்மா" என்றது அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். தெளிவாக. பழைய வால்யூமில்.

திரும்பினான். ஈர ரோட்டில் வெறுங்காலோடு, தூக்கம் கலையாத கண்ணோடு அபிநயா நின்றிருந்தாள். அதே நொடியில் கையிலிருந்த ஸ்பீக்கர் அடங்கியது. கடுகு இல்லை, மூச்சு இல்லை, தும் தும் இல்லை. மலையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

அவசரமாகத் துணியைக் கட்டி டின்னில் திணித்து மூடினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் வைத்தான். பயந்துவிட்டாயா என்று கேட்டான். இல்லையென்று தலையாட்டினாள். வண்டியை எடுத்த பிறகு வெகுதூரம் வரை பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அவனுக்கு மனசு வலித்தது, அதே சமயம் லேசாகவும் இருந்தது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டு அவனுக்காகக் காத்துக் கிடக்கவில்லை. சாகும்போது தாய்க்குப் பிள்ளை ஞாபகம், அவ்வளவுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். பசிக்கிறதா என்று அபியைக் கேட்டான், தலையாட்டினாள். குளிருகிறதா என்றான், தலையாட்டினாள். தன்மேல் கோபம் போல என்று நினைத்தான்.

வெள்ளிமலைக்கு வெளியே சாமைக்காட்டு ஓரத்தில் செல்லனும் இரண்டு பங்காளிகளும் குழி தோண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நர்மதாவின் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே, சின்னக் குழி. செல்லன் அபியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாமனைத் தெரிகிறதா என்று கேட்டான். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"பனியில தொண்ட கட்டிக்கிச்சி போல" என்று சொல்லி இறக்கிவிட்டான்.

அவள் வந்து அப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லன் டின்னைத் திறந்து, மஞ்சள் துணி முடிச்சை இரண்டு கையாலும் ஏந்தி, பேப்பர் பக்கம் மேலே இருக்கும்படி குழிக்குள் வைத்தான். கற்பூரம் ஏற்றினார்கள். மேகம் அதை உடனே அணைத்தது. தாலி கட்டினவன் முதலில் மூன்று பிடி மண் போட வேண்டும், பிறகுதான் மண்வெட்டி.

பொன்னுரங்கம் குனிந்து முதல் பிடியைப் போட்டான். ஈரச் செம்மண் துணியின் மேல் தொப்பென்று விழுந்தது.

ஒரு இருமல் கேட்டது. சின்னப் பிள்ளை இருமல்.

"பாப்பாவுக்குக் குளிரு ஒத்துக்கல" என்றான் செல்லன், அபிநயாவைப் பார்த்துக்கொண்டே. பங்காளிகளும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் தோள் குலுங்க, வாய் பிளந்து இருமிக்கொண்டிருந்தாள்.

ஆனால் சத்தம் எந்தப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பொன்னுரங்கத்தின் தொழில். அது பக்கத்திலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தான். இருமி ஓய்ந்து அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். கீழ் உதட்டில் ஈரச் செம்மண். கடைவாயிலிருந்து இன்னும் கொஞ்சம் வழிந்தது.

"ரெண்டாவது பிடி போடுங்க மாமா, மேகம் எறங்குது" என்றான் செல்லன்.

இரண்டாவது பிடி ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. குழிக்குள் மஞ்சள் துணி மெல்ல உப்பியது. அமுங்கியது. உப்பியது. அதற்கடியில், டக், டக், கரண்டியின் இரண்டு தட்டு.

அபிநயாவின் உதடு அசைந்தது. பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா" என்றது குழி. "அம்மா சோறு போடுது. ஆனா இருட்டா இருக்குதுப்பா."

அவன் கை மண்ணோடு மூடியபடியே குழிக்கு மேலே நின்றது. விரல்களை விரிக்கவும் முடியவில்லை, கையை மடக்கிக்கொள்ளவும் முடியவில்லை. பிள்ளைதான் பேசுகிறது, மாமனுக்குத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு, செல்லன் மண்வெட்டியை எடுத்தான்.